செக்போஸ்ட் மேடத்தின் சர்வே முகாம்

எங்கள் சர்வே ஆய்வகத்தில் ஒரு பச்சை இரும்பு பீரோ இருந்தது. மேல்தட்டில் பழைய வினாத்தாள்கள், நடுத்தட்டில் அளவு நாடாக்கள், கீழ்த்தட்டில் மாணவர்களிடமிருந்து பிடுங்கிய கைப்பேசிகள். அணைக்காமல் பிடிபட்ட போன் ஒன்றாவது அதற்குள் எப்போதும் கிடக்கும். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பீரோ திடீரென்று வயிற்றுக்குள் உறுமும். அடங்கும். மறுபடியும் உறுமும். துறைத்தலைவர் மேடம் கரும்பலகையிலிருந்து திரும்பாமலே, "யாரு வீட்டுலயோ சாப்பிட்டியான்னு கேக்காவ. ஆமான்னு நெனச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கோணத்தைத் தொடர்ந்து வரைவார்.

தென்காசிக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் நிற்கும் பொறியியல் கல்லூரி அது. நான் அங்கே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தபோது சர்வே ஆய்வகத்தை என் பொறுப்பில் விட்டார்கள். கூடவே மேடத்தின் பட்டப்பெயரையும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். புளியறை. கேரளத்துக்குப் போகிற லாரி எதுவானாலும் புளியறை செக்போஸ்ட்டில் நின்று, தார்ப்பாயைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் வராந்தாவின் முனையில் மேடம் நின்றாலும் அப்படித்தான். தலைமைக் காவலரின் மகள். சட்டைப் பையையெல்லாம் தொட மாட்டார். வருகிறவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏலே, சாப்பாட்டுத் தூக்கோட அடித்தட்டத் தொற" என்பார். அடித்தட்டில் சோறு இருக்காது. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நடையப் பாத்தாத் தெரியும் சார். போன் வச்சிருக்கவன் ஒரு பக்கமாச் சாஞ்சு நடப்பான்" என்றார். ஆசிரியர்கள் போன் வைத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவர் அறையைத் தாண்டும்போதெல்லாம் நான் விறைப்பாகத்தான் நடந்தேன்.

பிடுங்கிய போன் திரும்பக் கிடைக்க ஒரே வழிதான் இருந்தது. அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அப்பா இல்லாதவர்களுக்கு மட்டும் அம்மா. இதற்கு விலக்கே கிடையாது. ஓர் ஊராட்சித் தலைவர் தன் மகனுக்காக ஆள் அனுப்பியபோது, வந்தவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, போனைக் கொடுக்காமலே வழியனுப்பியவர் மேடம். இந்த விதியால் யாருக்கும் பெரிய கேடு வந்ததாக நான் நினைக்கவில்லை, வீரகேரளம்புதூர்ப் பெண்ணின் போன் மாட்டும் வரை.

மூன்றாம் ஆண்டு மாணவி. முதல் வரிசையில் உட்காருவாள், கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டாள். தியோடலைட்டில் கோணம் எடுத்தால் அவள் எடுத்ததை யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை. கார்த்திகை மாதத்து மத்தியானம் ஒன்றில் மைதானத்தில் செய்முறை வகுப்பு. கருவியை முக்காலியில் ஏற்றிவிட்டு அதன் மரப்பெட்டியை வேப்பமரத்தடியில் வைத்திருந்தோம். காலியான பெட்டி தானாக நடுங்கிக்கொண்டு மண்ணில் மெல்ல நகர்ந்தது. நான் ஓணான் என்று நினைத்து இரண்டடி பின்வாங்கினேன். மேடம் போய்த் திறந்தார். உள்ளே, கருவிக்காக வெட்டிய குழியில் ஒரு சின்னக் கறுப்பு போன் பாந்தமாகப் படுத்திருந்தது.

ஆய்வகத்துக்குள் அழைத்து விசாரித்தபோது அந்தப் பெண் முதல்முறையாக நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினாள். அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தப்பா மகள் ஒருத்தி போனில் பேசிப் பழகியவனோடு போய்விட்டதிலிருந்து வீட்டில் பெண்பிள்ளை கையில் போன் கூடாது என்பது அவருடைய கட்டளை. பஸ் பிந்துகிற நாளில் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்றுகூடத் தெரியாமல் தவித்த அம்மாதான் போன ஆடியில் அப்பாவுக்குத் தெரியாமல் எதையோ விற்று இதை வாங்கிக் கொடுத்திருக்கிறார். "அப்பா இங்கன வந்து கையெழுத்துப் போட்டா, தை பொறந்ததும் எனக்குக் கல்யாணம் மேடம். படிப்பு அதோட முடிஞ்சிது" என்றாள். மேடம் கேட்டுக்கொண்டார். போனைக் கீழ்த்தட்டில் வைத்தார். பீரோவைப் பூட்டினார். "ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. போ, வகுப்புக்கு நேரமாச்சு." எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பீரோவை உதைக்க வேண்டும் போல இருந்தது. உதைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவன் பீரோவை உதைக்க முடியாது.

இந்த நிலையில்தான் எங்கள் டோட்டல் ஸ்டேஷன் காலை வாரியது. தூரம், கோணம், உயரம் எல்லாவற்றையும் ஒன்றாக அளக்கும் கருவி அது, துறைக்கே ஒன்றுதான். பழுதுபார்க்கக் கோயம்புத்தூர் போன அது திரும்பி வருகிற வழியாக இல்லை. மார்கழியில் குற்றாலத்தில் சர்வே முகாம். முகாமை முடிக்காதவர்கள் அந்தப் பருவத்தைத் தாண்ட முடியாது. கருவி இல்லாமல் என்ன செய்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கல்லூரி முதல்வர் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டுப் புது மனிதராகத் திரும்பினார். இனிமேல் கைப்பேசிதான் ஆய்வகம், சட்டைப் பைக்குள் செயற்கைக்கோளே இருக்கும்போது டோட்டல் ஸ்டேஷன் எதற்கு என்று கூட்டத்தில் கையை வீசிப் பேசினார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் இரண்டு சுற்றறிக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்று, வளாகத்துக்குள் கைப்பேசி கொண்டுவந்தால் கடும் நடவடிக்கை. மற்றொன்று, முகாமில் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாகக் கைப்பேசியில் அளவெடுத்து வரைபடம் தயாரிக்க வேண்டும், கொண்டுவராதவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. மேடம் இரண்டையும் இரண்டு தடவை படித்தார். "ரெண்டுலயும் கையெழுத்து ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் பீரோவுக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது. தகப்பன்மார்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். இத்தனை நாளும் போன் கூடாது என்று அறிவுரை கேட்டுப் போனவர்களிடம் இப்போது போன் கட்டாயம் வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒருவர், "சார், முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். கீழ்த்தட்டு காலியாகிக்கொண்டே வந்து கடைசியில் அந்தக் கறுப்பு போன் மட்டும் மிஞ்சியது. அதை எடுக்க அப்பா வர வேண்டும். அப்பா வந்தால் படிப்புப் போய்விடும். எடுக்காவிட்டால் முகாமும் போய்விடும். அந்தப் பெண் பீரோவைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். புளியறையில்கூடக் காய்கறி வண்டியைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று நான் மேடத்தின் காதில் விழும்படியே முணுமுணுத்தேன்.

முகாமுக்குக் கிளம்ப இருந்த அன்று மேடம் என்னைக் கூப்பிட்டார். "சார், லேப்ல வெள்ளை பெயிண்ட் இருக்கா? சன்னமான பிரஷ் எடுத்துக்கிட்டு வாங்க." போனேன். மேஜைமேல் அந்தக் கறுப்பு போன் குப்புறக் கிடந்தது. "கடைசியா நம்பர் போட்டது எது?" என்றார். நாற்பதாம் எண் ஒரு குறிக்கம்பு. "அப்ப இதுக்கு நாப்பத்தொண்ணு போடுங்க." எங்கள் ஆய்வகத்தில் முக்காலி, சங்கிலி, ஸ்டூல், தண்ணீர்ப் பானை எல்லாவற்றுக்கும் வெள்ளை பெயிண்டில் 'சர்வே' என்று எழுதி ஓர் எண் உண்டு. விளக்குமாற்றின் பிடியில்கூட உண்டு. எண் இல்லாமல் அங்கே இருந்தது மேடமும் நானும்தான். நான் பிரஷ்ஷும் கையுமாக விழித்தேன். மேடம் பொறுமையாக விளக்கினார். "இத அவ கையில குடுத்தா நான் ரூல மீறுனவ. லேப் கருவியக் குடுத்தா பாடம் நடத்துனவ. காலையில வாங்கட்டும், சாயங்காலம் திருப்பிக் குடுக்கட்டும். அவ அப்பா எப்ப வந்து கையெழுத்துப் போடுதாரோ அப்ப நம்பர அழிச்சிக்கிடலாம். கை நடுங்காமப் போடுங்க சார்." போட்டேன். நான்கின் வால் கேமராக் கண்ணைத் தொட்டுவிட்டது. இவரையா செக்போஸ்ட் என்று சொன்னோம் என்று எனக்கு அப்போது சிரிப்பும் கண்ணீருமாக வந்தது.

மார்கழிக் குற்றாலம் ஐயப்ப பக்தர்களுடையது. மாலைபோட்ட சாமிகள் வேன் வேனாக வந்து அருவியில் நின்றுவிட்டு மலை ஏறப் போவார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே, சிற்றாற்றங்கரைத் தோப்பு ஒன்றில் எங்கள் முகாம். கைப்பேசியில் இருக்கும் திசைகாட்டி சரியாக வேலைசெய்ய வேண்டுமானால், முதலில் போனைக் காற்றில் எட்டுப் போடுவது போலத் திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டும். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் வடக்குப் பார்த்து நின்று ஒரே நேரத்தில் எட்டுப் போட்டார்கள். ஈரவேட்டியோடு போன ஒரு குருசாமி நின்று, கைகூப்பி, சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "இது எந்தக் கோயில் வழிபாடு சாமி?" என்று கேட்டார். "பாடத்திட்டத்துல இருக்கு சாமி" என்றேன். அவர் தன் சாமிகளிடம் என்ன சொன்னாரோ, இரண்டு கன்னிசாமிகள் எங்கள் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்து உயரம். தோப்பில் ஒரே பாறைமேல் எல்லோரையும் நிற்கவைத்து, போன் காட்டும் உயரத்தைச் சொல்லச் சொன்னார் மேடம். மற்ற போன்களெல்லாம் முன்னே பின்னே ஒரு கணக்கைச் சொல்ல, செங்கோட்டை மரக்கடைக்காரர் மகனின் விலை உயர்ந்த போன் மட்டும் தொண்ணூறு மீட்டருக்கும் மேலே கூட்டிச் சொன்னது. தென்காசிக் கோபுரத்தின் தலையில் இன்னொரு கோபுரத்தைத் தூக்கி வைக்கப் பார்த்ததுபோல. "ஏலே, குத்தாலத்துல ஒனக்கு மட்டும் மச்சு வீடால?" என்று ஒருவன் கேட்டான். பணம் இருந்தால் உயரமும் கூடும்போல என்று இன்னொருவன் பெருமூச்சு விட்டான். உண்மையில் அந்த ஒற்றைப் போன்தான் சரியாகச் சொன்னது. கணக்குக்காக வழவழவென்று கற்பனை செய்துகொண்ட ஒரு பூமிமீதிருந்து மற்றவை அளந்தன. இது அந்தக் கணக்கைத் திருத்தி, கடல் மட்டத்திலிருந்து அளந்தது. நம் பக்கத்தில் அந்தக் கற்பனைப் பூமி கடலுக்கு மேலே மிதக்கிறது. இதை நான் பல வருடம் பலகையில் படம் போட்டு நடத்தினாலும் ஒருவனுக்கும் ஏறியிருக்காது. அன்றைக்கு, அந்தப் பணக்காரப் போனின்மேல் இருந்த வயிற்றெரிச்சலில், எல்லோருக்கும் ஏறிவிட்டது.

பிறகு மேடம் தன் பாடத்தைத் தொடங்கினார். அதே பாறைமேல் ஒவ்வொருவரும் நின்று தான் நிற்கும் இடத்தைப் பதிவுசெய்ய வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் ஒரே படத்தில் போட்டுப் பார்த்தால், ஒருவன் ஆற்றுக்குள், ஒருத்தி ரோட்டில், ஒருவன் எதிர்க்கரை பஜ்ஜிக்கடை எண்ணெய்ச் சட்டியில். பிள்ளைகள் போன் கெட்டுவிட்டது என்று கவலைப்பட்டார்கள். மேடத்தின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத சந்தோஷம். "பிழை பிழைன்னு இத்தனை வருஷமா நான் போர்டுல எழுதிக்கிட்டேதான் இருந்தேன். இப்பதாம்மா கண்ணால காட்டுதேன். மலையும் மரமும் மறைச்சா எந்தக் கருவியும் தடுமாறத்தான் செய்யும். தப்பு கருவிமேல இல்ல, எவ்வளவு தடுமாறும்னு தெரியாம நம்புத ஆளுமேலதான்." பீரோ நிறைய போன்களைப் பூட்டிவைத்திருந்த மனுஷிதான் சொல்கிறார். முதல்வரின் பேச்சில் இல்லாத ஏதோ ஒன்று அந்தப் புள்ளிகளில் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போது ஒவ்வொரு ஆண்டும் அந்தப் பாறையில்தான் நான் பாடத்தைத் தொடங்குகிறேன். மேடம் ஓய்வு பெற்று குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார். கட்டும்போது கொத்தனார் நூல் பிடிப்பதற்கு முன்னால் மேடமே போனை எடுத்து எட்டுப் போட்டு, பாவம், அவரை வேலையை விட்டே ஓட வைக்கப் பார்த்ததாகக் கேள்வி.

முகாமின் மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் தோப்பு வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, வேட்டிக்கு மேல் அகலமான கறுப்பு பெல்ட், முறுக்கிய மீசை, தோளில் பனங்கிழங்குக் கட்டு. நிற்கிற நிற்பிலேயே ராணுவம் தெரிந்தது. குற்றாலத்தில் தங்கப் பெற்றோர் சம்மதம் கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர், பிள்ளை தங்குகிற இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறார். அவருக்கு நேர் எதிரே, பாறைமேல் நின்று, காற்றில் போனைச் சுழற்றி எட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள் அவர் மகள்.

"ஏட்டி, கையில என்னது?"

அவள் கை எட்டின் நடுவிலேயே நின்றுவிட்டது. தையில் கல்யாணம் என்று அவள் சொன்னது காதுக்குள் கேட்டது. மேடம்தான் அவசரமே இல்லாமல் நடுவில் வந்தார். "வாங்க அண்ணாச்சி. அது எங்க சர்வே கருவி" என்று அதை வாங்கித் திருப்பி, முதுகைக் காட்டினார். அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சர்வே, நாப்பத்தொண்ணு" என்று வாய்விட்டுப் படித்தார். வெள்ளை பெயிண்டில் எண் போட்ட பொருளை ராணுவத்தில் ஆயுள் முழுக்கப் பார்த்தவர் அவர். லாரியிலிருந்து சோற்றுத் தட்டு வரை எண் போட்டுத்தான் அங்கே கொடுப்பார்கள், எண் போட்டுவிட்டால் அது சர்க்காருடையது. கண்ணுக்கெதிரே அவர் முகம் இளகுவதைப் பார்த்தேன்.

"இது யாரு சார்ஜுல இருக்கு?"

"இந்தா, இந்த சார் சார்ஜுல" என்று மேடம் என்னைக் காட்டினார். என்னை அறியாமல் நான் குதிகாலைச் சேர்த்து நின்றேன். "காலையில ஒங்க மக பேர்ல குடுப்போம், சாயங்காலம் எண்ணி வாங்கிருவோம்."

"தொலைஞ்சா?"

"மார்க்குல கழிப்போம்."

"அப்படித்தாம் இருக்கணும்" என்றார் திருப்தியாக. மேடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அதோடு அவர் போகவும் இல்லை. பனங்கிழங்கை நிழலில் வைத்துவிட்டு, போனை ஒற்றைக் கையில் ஆட்டிக்கொண்டிருந்த மரக்கடைக்காரர் மகனை, "ஏலே, சாமானப் பிடிக்க லெச்சணமா இது? ரெண்டு கையால பிடில" என்று அதட்டினார். மகள் தயங்கித் தயங்கி, "அப்பா, இந்தப் பாறையில ஏறி நில்லுங்க" என்றாள். ஏறி நின்றார். போனை அவர் கையிலேயே கொடுத்து, இடத்தைப் பதியவைத்து, படத்தைக் காட்டினாள். "நான் இங்கன நிக்கேன். இது என்னைய ஆத்துக்குள்ள நிக்கச் சொல்லுது?" என்றார் கோபமாக. மலை மறைப்பதையும், புள்ளி தடுமாறுவதையும், எத்தனை தடவை அளந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதையும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். வகுப்பில் வாய் திறக்காதவள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு மேடத்தைப் பார்த்து, "நல்லாச் சொல்லுதால்லா?" என்றார்.

கருவி அப்போதுதான் மணியடித்தது.

அவர் கையில் இருந்தது. திரையில் பெரிய எழுத்தில் 'அம்மா' என்று வந்ததை அவரும் பார்த்தார், பாறைக்குக் கீழே நின்ற நாங்களும் பார்த்தோம். காலேஜ் கருவிக்கு ஏது அம்மா? அவர் பச்சைப் பொத்தானைத் தள்ளிக் காதில் வைத்தார். அந்த அம்மாள் ஹலோ சொல்லவில்லை, எதிரில் யார் என்று கேட்கவும் இல்லை. அவர் குரலுக்குப் போனே தேவையில்லை. தோப்பு முழுக்கக் கேட்டது. "ஏட்டி, ஒங்க அப்பா அங்கன பொறப்பட்டு வாராவளாம், பக்கத்து வீட்டுல இப்பதான் சொல்லுதாவ! போன எங்கயாது ஒளிச்சு வையி!"

ஹவில்தார் மகளைப் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுத்து, திருப்பி, அந்த எண்ணை மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். பிறகு காதில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"ஏளா, நான்தான். போன ஆடியில நம்ம வெள்ளாடு ஒண்ணு காணாமப் போச்சுன்னு சொன்னேல்லா? நானும் கொளத்தங்கரை பூரா தேடி அலைஞ்சேம்லா? இனிமே தேடாண்டாம். அது இங்கன குத்தாலத்துல நிக்கு. நம்பரெல்லாம் போட்டுப் பத்திரமா வச்சிருக்காவ."

அவர் அழைப்பை அணைத்துவிட்டுப் பாறையிலிருந்து இறங்கினார். பழக்க தோஷம், மேடத்தின் கை தானாக நீண்டது. அவர் அதைத் தாண்டிப் போய், போனை மகளின் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டார்.

"ரெண்டு கையால பிடிக்கணும்."